மார்பளவுத் தண்ணீர்

எங்கள் குப்பத்தில் யாரும் யாரையும் பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? வலைக்காரன் பிள்ளை வலை வீசுவான், அவ்வளவுதான். நான் மட்டும் பதினான்கு வயதில் உட்கார்ந்து யோசித்து, எனக்கென்று ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை அடைய நாலு வருஷத்துக்குத் திட்டமும் போட்டேன். ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் முழுக்கப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். அவர்களுடைய கப்பல் கரைக்கு வராது, தூரக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஊருக்குள் நெய்து சாயமேற்றிய துணிப்பொதிகளைப் படகில் ஏற்றி, ஏரியைக் கடந்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் வழியாக வெளியே கொண்டுபோய்த்தான் கப்பலில் சேர்க்க வேண்டும். வம்பே அந்த முகத்துவாரம்தான். மணல் ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. நேற்றுப் படகு போன வழியில் இன்று நண்டு ஓடும்.

அதனால் பொதிப்படகுகளுக்கு முன்னால் ஒரு படகு போகும். அதில் ஒருவர் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்தபடி வருவார். "இப்படி" என்பார், பின்னால் வரும் பத்துப் படகும் அப்படியே திரும்பும். பக்கத்துக் குப்பத்துக்காரர், குள்ளமான மனிதர், முப்பது வருஷமாக அதே வேலை. அவரைப் பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மீன் பிடிப்பதில் எனக்கு வெறுப்பொன்றும் இல்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கு வழி எங்கே என்று புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்றால், அதற்கு மேல் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அவருக்குப் பிள்ளை கிடையாது, கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வருஷம் தாங்குவார் என்று தோன்றியது.

திட்டத்தில் முதல் வேலை எழுத்துக் கற்றுக்கொள்வது. நெசவாளர் தெருவில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒருவருக்கு வாரம் இரண்டு மடவை மீன் கொடுத்தேன். மனிதர் மீனுக்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுத்தார். மீன் பெரிதாக இருந்த வாரத்தில் இரண்டு எழுத்து கூடுதலாக வந்தது. கோட்டைச் சமையற்காரனிடம் மீன் விற்கப் போகிற சாக்கில் ஒல்லாந்துப் பேச்சில் இடம், வலம், நில், ஆழம் என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தை பொறுக்கிக்கொண்டேன். கப்பல் வருகிற நாளிலெல்லாம் முகத்துவாரக் கரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நின்றேன்.

மற்ற நேரமெல்லாம் தண்ணீரில்தான். தினமும் தண்ணீர் நன்றாக வற்றிய நேரம் பார்த்து முகத்துவாரத்தில் இறங்குவேன். கோட்டைக் கொடிமரமும் கரையில் நின்ற ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் தெரிகிற இடம் ஒன்று, மணல்மேட்டு முனை ஒன்று, இப்படிப் பதினோரு இடம் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் நின்று ஆழம் பார்ப்பேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆழத்தை உடம்பால்தான் சொல்வார்கள். முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், மார்புத் தண்ணீர், கழுத்துத் தண்ணீர். கரைக்கு வந்ததும் அதை ஓலையில் எழுதி வைப்பேன்.

"இன்னாடா அது, தெனமும் தண்ணில போயி நட்டுவெச்ச கழி மாறி நின்னுக்கினு கீற?" என்று நைனா கேட்டார்.

"வேலைக்கு தயார் பண்றேன் நைனா."

"தண்ணில நிக்கறது ஒரு வேலையா? அதுக்கு கொக்கு கீதே."

அம்மா இன்னும் மோசம். "ஒல்லாந்துக்காரனுக்கு அப்புறமா வழி காட்டலாம். மொதல்ல இந்த மீன் கூடைக்கு சந்தைக்கு வழி காட்டு" என்பாள்.

நான் யாரையும் சட்டை செய்யவில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட இறங்கினேன். நாலு வருஷ ஓலையையும் ஒருநாள் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. பதினான்கு வயதில் மார்பளவு என்று எழுதிய இடமெல்லாம் இப்போது இடுப்பளவாக இருந்தது. இடுப்பளவு என்று எழுதியவை தொடையளவாகியிருந்தன. ஓர் இடம் விடாமல், பதினோரு இடத்திலும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக முகத்துவாரம் மேடாகிக்கொண்டு வருகிறது. இத்தனை வருஷம் மீன் பிடிக்கிற ஒருத்தன் கண்ணிலும் இது படவில்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

நைனாவிடம் சொன்னேன். "நேத்துகூட படகு போச்சேடா" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நான் போட்ட கணக்கு தப்பவில்லை. எனக்குப் பதினெட்டு நடக்கும்போது அந்தக் குள்ள மனிதர் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார், கோட்டையில் புது ஆள் தேடினார்கள். ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். துறைமுகத்தைப் பார்க்கிற துரை மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி நடுவில். முகத்துவாரம் இரண்டு வருஷத்தில் மூடிக்கொள்ளும் என்று ஓலையைப் பிரித்துக் காட்டினேன்.

துபாஷி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, யோசிச்சு சொல்லு. நான் அத்த அவருகிட்ட சொன்னப்புறம் அது என் தலையில வுழும்."

"நாலு வருஷமா எழுதி வெச்சிருக்கேன்" என்றேன் திமிராக.

துரை அரண்டுபோய்விட்டார். அன்றே உத்தரவு போட்டார், இனிமேல் ஒரு படகில் பாதிப் பொதிதான் ஏற்ற வேண்டும். அதாவது படகோட்டிகள் ஒரு நடை போன இடத்தில் இரண்டு நடை போக வேண்டும். அடுத்த கப்பலுக்கு நானே முன்படகில் வர வேண்டும், பழையவரும் கூட வருவார், சரியாகச் செய்தால் வேலை எனக்கு என்று சொல்லியனுப்பினார்.

அந்த வாரமே ஊரில் பாட்டுச் சீட்டு. பாடு என்றால் எங்கள் பக்கத்தில் முறை. ஏரியிலும் முகத்துவாரத்திலும் மீனும் இறாலும் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான். யார் எந்த நாள் எந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். பெயர் இருக்கிறவனுக்குத்தான் முறை வரும். பதினெட்டு வயதானால் பெயர் சேர்க்கலாம். ஆனால் வெளியாரிடம் வேலைக்குப் போகிறவனுக்குப் பாடு கிடையாது, ஒருமுறை வேண்டாமென்றால் அவனுக்குப் பிற்பாடும் கிடையாது. நைனாவுக்கு இடது முழங்கால் வீங்கிக்கொண்டே வந்தது. அவர் ஏரிக்குப் போக முடியாத நாள் தூரத்தில் இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"உம் பேரும் இருந்தா, எங்காலு போனாலும் அடுப்பு எரியும்டா" என்றார் நைனா. கெஞ்சுகிற மாதிரி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேல கெடச்சிடும் நைனா."

"கெடைக்கலன்னா?"

கிடைக்காமல் போகும் என்று என் திட்டத்தில் எங்கேயும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் என் பெயர் வேண்டாம் என்று நானே சொன்னேன். நன்றாக யோசித்தாயா என்று தலைவர் கேட்டதற்கு, நாலு வருஷமாக யோசித்தேன் என்றேன். நைனா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

கப்பல் வந்தது. முன்படகில் நான், பழையவர், துரை, துபாஷி. பின்னால் பாதிப் பொதி ஏற்றிய படகுகளில், இரண்டு நடை அடிக்கப்போகிற எரிச்சலில் ஓட்டிகள் என் குலத்தையே திட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் முதலில் ஆழம் பார்த்துவிடலாம் என்றார் துரை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டார், எடுத்தார், கையிலிருந்த பழைய புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி விட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் இருந்த அதே ஆழம்தான் இப்போதும் இருக்கிறது என்றார் துபாஷி.

"கயிறு தப்பு" என்றேன். சொன்னதோடு நிற்காமல் தண்ணீரில் குதித்து நின்றும் காட்டினேன். இடுப்பளவு. "பாருங்க, நாலு வருஷம் முன்ன இங்க மார்பளவு."

பழையவர் மேல்துண்டை அவிழ்த்துப் படகில் வைத்துவிட்டு என் பக்கத்தில் இறங்கினார். தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது. அவர் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. என்னை அண்ணாந்து பார்த்தார்.

"பையா, நாலு வருஷம் முன்ன நீ என் ஒசரம் இருந்த. தண்ணி இருந்த எடத்துலதான் கீது. நீதான்டா வளந்துட்ட."

பத்துப் படகும் சிரித்த சிரிப்பில் நாரைகள் எழுந்து பறந்தன. ஓர் ஓட்டி துடுப்பைக் கடலுக்கு விட்டுவிட்டுச் சிரித்தான். "இதுக்காடா ரெண்டு நட?" என்று இன்னொருவன் கத்தினான். வருஷத்துக்கு ஒருமுறை வேட்டி போதவில்லை என்று அம்மா முனகியதெல்லாம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வளர்ந்து முடித்த ஆட்களுக்கு உடம்பு பொய் சொல்லாது. வளர்கிற வயதில் உடம்பைக் கோலாக வைத்துக்கொண்டு நாலு வருஷம் அளந்த மடையன் நான் ஒருத்தன்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போயிற்று, பாடும் போயிற்று, நைனாவின் முழங்கால் மட்டும் மிச்சம். அந்தத் தண்ணீரிலேயே முங்கிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

துரை சிரிக்கவில்லை. என் ஓலைக்கட்டை வாங்கிக்கொண்டு, போன மாசி மாதம் வழி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். வடக்கே, பனைக்கு நேர் என்றேன். புத்தகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மாதமாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். எத்தனை நாள் எழுதாமல் விட்டாய் என்று கேட்டதற்கு, ஒரு நாளும் இல்லை என்றேன். ஈயக்குண்டுக் கயிற்றைச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"எடம் எல்லாம் சரியா கீதாம். ஆழந்தான் நாஸ்தி" என்றார் துபாஷி. "இனிமே ஒடம்ப நம்பாத, கயித்த நம்புன்னு சொல்றாரு. அடுத்த கப்பலுக்கு முழுப் பொதி. நீதான் முன்னால."

அடுத்த கப்பல் வருவதற்கு முந்தின வாரம் கடல் கொந்தளித்துத் தெற்கு வழியில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. முழுப் பொதியோடு பத்துப் படகு என் பின்னால் வந்தது. கயிற்றை விட்டுப் பார்த்தேன். தெற்கே போனால் அடி தட்டும், துணி நனையும். வடக்கு வழி ஆழமாக, அழகாக இருந்தது. அதன் நடுவில் கழி நட்டு ஒருவர் வலை கட்டியிருந்தார். அன்று அந்த இடத்துப் பாடு யாருடையது என்று எனக்குத் தெரியும். இருபத்துமூன்று நாள் காத்திருந்து வந்த முறை. விடியும் முன்பே முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இறால் உள்ளே வருகிற நேரம். இப்போது வலையைத் தூக்கினால் அன்றைய பாடு போச்சு, ஈடாக இன்னொரு நாள் கிடையாது, நாளை அந்த இடம் அடுத்தவனுக்கு. தெற்கே சுற்றிப்போனால் என்ன என்று நான் இரண்டு தடவை யோசித்தேன். கயிற்றை மறுபடி விட்டுப் பார்த்தேன். அது அதே அளவைத்தான் சொன்னது.

"நைனா, வலைய தூக்கு" என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதவிக்கு வந்திருந்த சித்தப்பா, "உம் புள்ளதானே, சுத்திக்கினு போவ சொல்லு" என்றார்.

"அவன் வேலைய அவன் பாக்கறான்" என்று சொல்லிவிட்டு நைனா முதல் கழியைப் பிடுங்கினார். கூட்டமாக வந்த இறால் வலை இல்லாத இடத்தில் எங்கள் படகுகளுக்கு அடியில் ஏரிக்குள் போனது. பத்துப் படகும் தாண்டும்வரை கழிகளை அணைத்தபடி அவர் தண்ணீரில் நின்றார். ஒரு பொதியும் நனையவில்லை.

அன்று பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தேன். குழம்பில் முருங்கைக்காய் மட்டும்தான் கிடந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். பாட்டுச் சீட்டுக்குப் பிறகு என்னிடம் வாயே திறக்காத நைனா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"நாளைக்கும் பொதி கீதா?"

"கீது நைனா."

"எந்தப் பக்கமா போவ?"

"அதே வழிதான்."

கையைக் கழுவிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாளைக்கு அந்த இடத்தில் பாடு உள்ளவன் வீடு குப்பத்தின் அந்தக் கோடியில் இருந்தது. முன்கூட்டியே சொன்னால் அவன் வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்வான். என் திட்டத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

"நீ சொன்னா ஒதைப்பான்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து அவரே போனார்.