நின்றால் ஏறும் முள்

போன வாரம் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது டெல்லி நிஜாமுதீன் பாலத்தில் அரை மணி நேரம் நின்றோம். அவன் பின் இருக்கையில் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். நான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுவில் சாதுவாக நின்றது. ஆனாலும் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். "அம்மா, ட்ராஃபிக்தானே? எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றான்.

அதே பாலம். அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா மத்திய அரசு ஊழியர். படுக்கப் போகுமுன் கேஸ் அடுப்பின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறவர். அவர் வாங்கிய முதல் கார், அதுவும் பழைய கார், கீழே வேப்பமரத்தடியில் நிற்கும்.

ஆயுத பூஜை அன்று காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டோம். திருநெல்வேலியிலிருந்து டெல்லி வந்தும் அம்மா விடாத சட்டம் ஒன்று உண்டு: பூஜையில் வைத்த எதையும் அன்று தொடக் கூடாது. பாடப்புத்தகமும் அதில் சேரும் என்பதால் நான் அந்தச் சட்டத்தின் தீவிர ஆதரவாளர். எனக்கிருந்த ஒரே கவலை மாடு. முந்தைய வருடம் முன்பக்கம் தொங்கிய சாமந்தி மாலையைக் காலனி மாடு ஒன்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஆகவே இந்த முறை, அப்பா பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குக் குங்குமம் வைத்து முடித்ததும், இரண்டாவது ஆரஞ்சு சாமந்தி மாலையை உள்ளே ரேடியேட்டரின் மேல் சாத்தினேன். அதன் நுனி பின்பக்கம் தொங்கியது. மாட்டை ஜெயித்துவிட்ட திருப்தி எனக்கு. அப்பா பானெட்டை மூடினார்.

மறுநாள் மாலை தம்பிக்கு மூச்சிழுப்பு வந்தது. முன்பும் வந்ததுதான், ஆனால் இந்த முறை விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கியது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. யமுனையைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று தசரா. ராவணனை எரிப்பதைப் பார்க்க ஊரே தெருவில் இருந்தது.

பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றன. முள் மெல்ல ஏறியது. நகர்ந்தால் இறங்கும், நின்றால் மறுபடி ஏறும். அப்பா எஞ்சினை அணைப்பார், முன் வண்டி அசைந்ததும் போடுவார். பிறகு திடீரென்று ஹீட்டரை முழு வேகத்தில் திருகினார். எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்களாம்.

"என்ன செய்தீக? புள்ளைக்கு மூச்சே வரல, நீங்க ஹீட்டரப் போடுதீக! கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"சன்னல இறக்கு. இத விட்டா வண்டி இங்கயே நின்னுரும்."

அம்மா தம்பியின் தலையைச் சன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டாள். வெளியே டீசல் புகை. தம்பி அழுவதை நிறுத்தியிருந்தான். அழ அவனிடம் மூச்சு இல்லை. முள் சிவப்பைத் தொட்டது, முன்பக்கம் ஆவி கிளம்பியது.

அப்பா இறங்கி பானெட்டைத் தூக்கினார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அரே! டக்கன் மத் கோல்னா!" பக்கத்து வரிசை டாக்ஸிக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று இந்தியில் திட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஓடும்போது சரியாக இருக்கிறதா, நின்றால்தான் சூடா?

அப்பா தலையாட்டினார்.

"தோ பங்கா தேக்கோ, பாயீ சாப், பங்கா! ஓடுற வண்டிக்குக் காத்து சும்மா கெடைக்கும், நிக்கிற வண்டிக்கு யார் விசிறுவா?" பின்பாதியை அவர் இந்தியில்தான் சொன்னார். எனக்கு நினைவில் தமிழாகத் தங்கிவிட்டது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை, ஃபியூஸ் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஃபியூஸ் பெட்டியைத் தேடினார்.

அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலோடு நான் முன்பக்கம் போனேன். அப்பா குனிந்து ஃபேனைத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. அதன் தண்டைச் சுற்றி நூல் இறுகியிருந்தது, நூலில் ஆரஞ்சு நிறக் கூழ். வீட்டுச் சாவியால் நூலை அறுத்து அறுத்து இழுத்தார். விரல் இரண்டு இடத்தில் வெந்தது. பாட்டிலை நீட்ட மறந்து அந்த ஆரஞ்சையே பார்த்தேன்: நான் சாத்திய மாலை.

"என்னங்க அது?" உள்ளேயிருந்து அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. ரோட்டுக் குப்பை உள்ள போயிருக்கு." அந்த உருண்டையைப் பாலத்தின் கைப்பிடிக்கு மேலாக யமுனையில் வீசினார்.

டாக்ஸிக்காரர் வைப்பருக்கான ஃபியூஸைப் பிடுங்கி ஃபேனுக்குப் போட்டார். மழையா வரப்போகிறது என்றார். சூடு தணியக் காத்திருந்தோம். தம்பியின் ஒவ்வொரு மூச்சையும் நான் எண்ணினேன், எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று நம்பினேன். தண்ணீர் ஊற்றி வண்டியை எடுத்த சிறிது நேரத்தில் முன்னால் 'விர்ர்' என்று ஃபேன் சுற்றும் சத்தம். அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் முகத்தில் மருந்துப் புகை வரும் மூடியை வைத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியது. அம்மா உள்ளே இருந்தாள். அப்பா உள்ளே போகவில்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பு வலிக்கும் அளவுக்கு.

"அப்பா, அந்த மாலைய நான்தான்..."

"பேசாம இரிட்டி."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. என்னை அம்மாவிடமிருந்து காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நானே ஒரு காருக்குப் பொட்டு வைத்து பானெட்டை மூடிய நாளில்தான் நின்று யோசித்தேன். மூடும்போது குனிந்த முகத்துக்கு நேர் கீழே இருப்பது ரேடியேட்டர். அத்தனை பெரிய ஆரஞ்சு மாலையைப் பார்க்காமல் யாராலும் மூட முடியாது, கேஸ் திருகை மூன்று முறை தொடுகிற மனிதரால் நிச்சயம் முடியாது. பார்த்திருக்கிறார். மகளின் ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மூடியிருக்கிறார். அந்தப் பொய் அவருக்கும் சேர்த்துத்தான்.

அன்று வராந்தாவில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நாலு பேர் நடமாடும் இடத்தில் அடிக்க முடியாததால் இப்படித் தண்டிக்கிறார் என்று எண்ணி, வலித்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். என் இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதை எடுத்து அவர் கைமேல் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.