கத்தாத போன்

பஸ்ராவில் தெருவுக்குக் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரனை வாழ்த்தியவன் எவனும் கிடையாது. கரண்ட் போனால் என் தாயைத் திட்டுவார்கள். எஞ்சினைக் கிளப்பக் கொஞ்சம் தாமதித்தால் தகப்பனையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் பேட்டையான ஹய்யானியாவில் என்னைத் திட்டாத ஒரே ஆள் ஜப்பார். திட்ட அவருக்கு மூச்சு போதாது, அவ்வளவுதான். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மனிதர் உட்காரவே முடியும்.

அவர் மகள் ஹவ்ரா அஷார் சந்தையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். "ஆம்பிளை யாரும் இல்லையா?" என்று எவனாவது கேட்டால், "இருக்காங்களே, அவங்க கெடுத்த போனைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்பாள். அப்படி ஒரு வாய். அவள் கடையில் இருக்கும்போது கரண்ட் போனால், அரசாங்க லைனிலிருந்து என் லைனுக்கு சுவிட்சை மாற்ற வீட்டில் ஆள் வேண்டும். அதற்காகப் பழைய போன் ஒன்றை எடுத்து ரூட் செய்து, கம்பெனி போட்டிருந்த பூட்டுகளையெல்லாம் பிடுங்கினாள்.

"இனிமே இது என் பேச்சை மட்டும்தான் கேக்கும், சாச்சா."

அதை வீட்டில் அரசாங்க லைனில் சார்ஜில் போட்டு, கறுப்புத் திரையில் நாலைந்து வரி எழுதினாள். அரசாங்க லைனில் சார்ஜ் ஏறுகிறதா பார், நின்றால் கத்து, ஹவ்ராவைக் கூப்பிடு, அபூ சஜ்ஜாதைக் கூப்பிடு. அபூ சஜ்ஜாத் நான்தான். இதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயராம். என் போன் அடித்தால் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஓடிப்போய் அவர் வீட்டு சுவிட்சை மாற்றுவேன்.

அந்த ஆகஸ்ட் நாளில் டீசல் ஃபில்டர் வாங்க அஷாருக்குப் போயிருந்தேன். எஞ்சினை என் மச்சான் முஹன்னத்திடம் விட்டிருந்தேன். போன் அடித்தால் அவனை விரட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம். ஹவ்ராவின் கடையில் உட்கார்ந்து, காய்ந்த எலுமிச்சை போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே, "காலையிலேர்ந்து ஒரு தடவைகூட அடிக்கல. இன்னைக்கு எனக்கு டீசல் மிச்சம்டி!" என்றேன்.

அவள் கையிலிருந்த திருப்புளி மேஜையில் விழுந்தது.

"சாச்சா... ஆகஸ்ட் மாசத்துல, மத்தியானம் வரைக்கும், நம்ம ஊர்ல கரண்ட் போகாம இருக்குமா?"

அவள் தகப்பனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நான் முஹன்னத்தைக் கூப்பிட்டேன். அந்தக் கழுதையும் எடுக்கவில்லை. கடையைச் சாத்தக்கூட நிற்காமல் டாக்சியில் ஏறினோம். வழியெல்லாம் "வாப்பா, வாப்பா" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் வரவில்லை.

தெரு திரும்பியதும் பார்த்தோம். ஜப்பார் வீட்டு வாசலில் கூட்டம். யா அல்லாஹ், வாசலில் கூட்டம் என்றால் என்ன அர்த்தம்? ஹவ்ரா வண்டி நிற்குமுன் குதித்து அலறினாள்.

"எதுக்கும்மா அழுவுற?" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு ஹுதா. "காலையிலேர்ந்து கரண்டே போகல! உங்க போன் எப்போ கத்தும்னு பாக்கத்தான் நிக்கிறோம். பந்தயம்கூடக் கட்டியாச்சு."

உள்ளே ஏசி, போன் மணிகூடக் காதில் விழாதபடி இரைந்துகொண்டிருந்தது. ஜப்பார் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் என் மச்சான் தர்பூசணி தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டி ஓடியாந்த? குளிருது, கதவைச் சாத்து" என்றார் ஜப்பார்.

ஹவ்ரா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் முஹன்னத்தின் முதுகில் ஒன்று வைத்தேன். வெளியே கூட்டம் ஒரே கூச்சல். "கத்தச் சொல்லும்மா, ஒரு தடவை கேப்போம்!" என்றான் எவனோ.

"இந்தாங்க" என்று ஹவ்ரா அந்தப் பழைய போனின் சார்ஜரைப் பிடுங்கினாள்.

போன் கத்தவில்லை.

காத்திருந்தோம். என் சட்டைப் பையிலும் சத்தமில்லை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஹவ்ரா திரையைத் தட்டிப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்துப் போனது.

"ஓடவேயில்ல" என்றாள். "நேத்து ராத்திரி ஒரு வரியை மாத்தணும்னு ஸ்கிரிப்ட்டை நிறுத்தினேன். அந்த நேரம் பாத்துக் கரண்ட் போச்சு. சுவிட்சை மாத்த ஓடினேன். திரும்பி வந்து இதை ஓட விடவேயில்ல, சாச்சா. காலையில அப்படியே கடைக்குப் போயிட்டேன்."

மெஷின் மட்டும் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்த மனிதருக்குக் காவல் யாருமே இல்லை. முஹன்னத் கையிலிருந்த தர்பூசணியைக் கீழே வைத்தான்.

அவள் ஸ்கிரிப்ட்டை ஓட விட்டாள். சார்ஜரை மாட்டி, மறுபடி பிடுங்கினாள். போன் வீடு அதிரக் கத்தியது. என் பையிலும் மணி அடித்தது. மாட்டினாள். பிடுங்கினாள். ஜப்பார் கையை நீட்டி அவள் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.

சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் கரண்ட் போனது. போன் கத்தியது, தெரு கைதட்டியது, நான் எஞ்சினுக்கு ஓடினேன். அரசாங்கக் கரண்டையும் அதைத் தருகிறவனையும் நான் திட்டாத நாள் கிடையாது. அன்று பகல் முழுக்க ஜப்பாருக்குக் காவல் நின்றது அந்தக் கரண்ட்தான், அதனால் அன்று மட்டும் திட்டவில்லை.