வசனம் பேசிவிட்டுப் போக நினைத்தவள்

எழுபதுகளின் கடைசியில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கணவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் நாலைந்து பெண்கள் சேர்ந்து பகல் காட்சிக்குக் கிளம்புவோம். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல அரிசி களைந்துகொண்டிருப்போம். எங்கள் புரட்சி அவ்வளவுதான்.

அன்று பார்த்த படத்தில் கதாநாயகி, அடிக்கிற புருஷன் முகத்துக்கு நேராக நின்று நீளமாக வசனம் பேசிவிட்டு வாசற்படி தாண்டினாள். பெண்கள் பக்கம் முழுக்கக் கைதட்டல். நான் எழுந்து நின்றே தட்டினேன். பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டுக்காரி தட்டவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் அவளை அடிப்பது தெருவுக்கே தெரியும்.

மறுவாரம் அவள் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். அம்மா வீடு மருங்காபுரியில். அவன் வேலைக்குப் போனதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறியிருந்தால் தப்பித்திருப்பாள். பைத்தியக்காரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு சங்கு ஊதும்வரை காத்திருந்தாள். அவன் வர வேண்டும், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். படத்தில் அப்படித்தானே! படத்துப் புருஷன் வாயடைத்து நின்றான். இவன் கையிலிருந்த டிபன் கேரியரால் அவள் வாயிலேயே அடித்தான்.

உதடு கிழிந்து என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அக்கா, இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துக்கறேன். காலைல முதல் பஸ்ல போயிடறேன்."

என் கணவரும் அவனும் ஒரே செக்‌ஷன். "நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்றார் இவர். எனக்கும் அதே எண்ணம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இவர் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. "சினிமா வேற, குடித்தனம் வேறம்மா" என்று நானே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவள் உதறக்கூட இல்லை.

என்னைக் கண்டதும் அவன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"வாங்கக்கா, உட்காருங்க. உங்களை மாதிரி நல்லவங்க பக்கத்துல இருக்கறதாலதான் குடும்பம் ஓடுது" என்றவன், அவளிடம் திரும்பி, "அக்காவுக்குக் காப்பி போடு" என்றான்.

முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டே கொண்டு வந்து கொடுத்தாள். "சர்க்கரை போதுமாக்கா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் படி இறங்குவதற்குள் அவன் கதவுக்குத் தாழ் போட்டான்.