பந்தி இலாகா யாருக்கு?

டிவியில் நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மந்திரிசபையில் புதிதாகச் சேரப்போகிறவர் அந்த இலாகாவுக்குத் தகுதியான ஆள்தானா என்று விவாதம். ‘முன்கோபி’ என்கிறார் ஒருவர். ‘போன இடமெல்லாம் தகராறு’ என்கிறார் இன்னொருவர். நடுவில் இருப்பவர் யாரையும் பேசி முடிக்க விடுவதாக இல்லை...

என் தங்கை கோமதியின் கணவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். ‘அத விடுங்க மதினி. நம்ம மந்திரிசபைய முடிப்போம்’ என்றார்.

ஆமாம், தென்காசியில் அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு இலாகா பிரிக்கிற வேலைதான். இளைய மகள் உமாவுக்கு ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். வரவேற்பு யார், வண்டி ஏற்பாடு யார், சமையல்காரரோடு மல்லுக்கட்டுவது யார் — எல்லாம் மளமளவென்று முடிந்தது. பந்தி விசாரிப்பில் வந்து மாட்டிக்கொண்டோம்.

பந்தி விசாரிப்பு என்றால் சும்மாவா? கல்யாண வீட்டில் அதுதான் உள்துறை! தாலி கட்டுவது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் ஊர் மன்னித்துவிடும். அப்பளம் வராத இலையை மன்னிக்காது. அதிலும் இது சீசன் கல்யாணம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். காலையில் குற்றாலத்தில் குளியல், மத்தியானம் மண்டபத்தில் சாப்பாடு. அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் பசி எப்படிப்பட்ட பசி என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

‘முருகேசன் மாமா பாக்கட்டும்’ என்றாள் உமா.

கோமதியின் கணவர் டிவியையே அணைத்துவிட்டார்.

முருகேசன் எங்கள் தம்பி. எனக்கும் கோமதிக்கும் அடுத்துப் பிறந்த கடைக்குட்டி. தங்கமான மனுஷன். ஆனால் கோபித்துக்கொண்டு போவதில் அவனை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. பத்திரிகையை நேரில் தராமல் போனில் அனுப்பிவிட்டார்கள் என்று, ஒரு காதுகுத்துக்கு வந்து வாசலோடு திரும்பியவன். (அதை வாசல் வரை வந்து சொல்லிவிட்டுத்தான் போனான்.) உமாவின் அக்கா கல்யாணத்தில் தாய்மாமனாக மேடையில் நிற்கிறான். போட்டோக்காரர், ‘சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க’ என்றார். தள்ளினான்... தள்ளித் தள்ளி மண்டபத்தை விட்டே போய்விட்டான்.

‘வைக்கப்படப்புக்குத் தீப்பந்தத்தக் காவல் போடுதியளோ?’ என்றார் என் கணவர்.

கோமதிக்கும் பயம். ‘கூடப் பொறந்தவன்தான், இல்லேங்கல. சம்பந்தி வீட்டாளுக முன்னாடி முறுக்கிக்கிட்டுப் போயிட்டாம்னா நான் எங்க போய் முட்டிக்கிட?’

உமா விடவில்லை. ‘ஒரு ஓரமா உக்கார வச்சாத்தாம்மா மாமாவுக்குக் கோவம் வருது. வேலை குடுங்க. அக்கா ஆல்பத்துல மாமா ஒரு போட்டோவுலகூட இல்ல. என் கல்யாணத்துல அப்படி ஆகக் கூடாது. மாமா கடைசி வரைக்கும் நிக்கணும்.’

சொல்லும்போதே பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் யார் எதிர்த்து ஓட்டுப் போடுவது?

நான்தான் போன் போட்டேன். ‘ஏலே, பந்தி உன் பொறுப்பு.’

‘ஏங்க்கா, வேற ஆளே கெடைக்கலையா?’ என்றான். குரலில் சந்தோஷம் வழிந்தது.

கல்யாணத்தன்று பார்க்க வேண்டுமே அவனை! தோளில் துண்டு, ஒவ்வொரு இலைக்கும் ஒரு விசாரிப்பு. ‘அண்ணாச்சி, அவியல் இன்னுங் கொஞ்சம்?’ ‘ஏலே, ஆச்சிக்கு வெந்நி கொண்டா.’ நான் என் கணவரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, குற்றாலத்துக்குப் போன கூட்டம் திரும்புகிற வரைக்கும். ஈரத் தலையும் காய்ந்த வயிறுமாக வந்தவர்கள், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். முருகேசன் பாயசத்தை விரட்ட அடுப்படிக்குப் போயிருந்தான். அந்த நெருக்கடியில் பரிமாறுகிற ஆள் ஒருவர், பந்தி முடிவதற்குள் மேஜையில் விரித்திருந்த பேப்பரை அந்தக் கோடியிலிருந்து சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுருட்டிக்கொண்டே வந்து நின்ற இடம் — மாப்பிள்ளையின் பெரியப்பா. வீரகேரளம்புதூர்க்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

‘ரசத்துக்குச் சோத்துல குழி வச்சிட்டு உக்காந்திருக்கேன்... பேப்பரச் சுருட்டிக்கிட்டு வாரான்! இதான் மாப்பிள்ள வீட்டாளுக்கு நீங்க குடுக்குத மரியாதையா?’

கையைக் கழுவினார். குடையை எடுத்தார். வாசலைப் பார்த்து நடந்தார்.

அந்த வீட்டில் ஏட்டையா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் போனால் அவர்களும் வேனில் ஏறிவிடுவார்கள். சாயங்காலம் உமா போய் விளக்கேற்ற வேண்டிய வீடு அது. முதல் நாளே இப்படி ஒரு மனத்தாங்கலோடு அவள் எப்படி அங்கே காலெடுத்து வைப்பாள்?

கோமதியின் கணவர் கைகூப்பினார். என் கணவர் நியாயம் பேசினார். நியாயம் பேசப் பேச ஏட்டையாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அதற்குள் அடுப்படியிலிருந்து முருகேசன் ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டான். காலில் விழுந்தாவது நிறுத்திவிடுவான் என்று நினைத்தோம்.

‘அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. மனுசன் உக்காருவானா இந்தப் பந்தியில? வாங்க, போவோம். நானும் வாரேன்.’

செருப்பை மாட்டினான். ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினான். இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள்!

உள்துறை மந்திரியே வெளிநடப்பு!

‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்றார் என் கணவர். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே சில ஆண்கள் கல்யாணத்துக்கு வருகிறார்கள். கோமதி தூணில் சாய்ந்து அழுகிறாள். உமா மட்டும் கழுத்து மாலையோடு என்னிடம் வந்து, ‘மாமா போன எடுக்க மாட்டேங்குதாரு பெரியம்மா...’ என்றாள். சம்பந்தியிடம், இரண்டு பேரும் இப்போது வந்துவிடுவார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன்.

பொய் பலித்தது. கடைசிப் பந்திக்கு இலை போடுகிற நேரம், வாசலில் ஆட்டோ. இரண்டு பேரும் இறங்குகிறார்கள். இரண்டு தலையிலும் புத்தம்புது ஈரிழைத் துண்டு. பட்டுச் சட்டைக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஏட்டையா முகத்தில் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாகச் சிரிப்பு.

‘ஐந்தருவியில தண்ணி என்னமா விழுது தெரியுமா! சரி சரி, பசி உசுரு போகுது. முதல்ல இருந்து போடச் சொல்லுங்க.’

முதலிலிருந்தே சாப்பிட்டார். பருப்பு, சாம்பார், வரிசையாக எல்லாம். ரசத்துக்குக் குழி வைத்தபோது சம்பந்தி வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. உமா தானே போய் ரசம் ஊற்றினாள். அப்புறம் போட்டோக்காரரைக் கூப்பிட்டு, மாமாவை நடுவில் நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். தலையைத் துவட்டக்கூட அவனுக்கு நேரம் தரவில்லை.

முன்கோபிக்கு மந்திரி பதவி கொடுக்கலாமா? நாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஞானம் போதாது. டிவியில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். கோபம் எங்கே கிளம்பும், கிளம்பினால் எந்தப் பக்கம் போகும் என்று பழகித் தெரிந்த ஒருவன், எங்கள் கல்யாண மண்டபத்துக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு முருகேசன் சாப்பிட உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன்.

‘என்னல சொல்லி அவரச் சமாதானம் பண்ணுன?’

‘ஒண்ணும் சொல்லலக்கா. சமாதானம் சொன்னா கோவந்தான் கூடும். வாசலத் தாண்டுதவரைக்குந்தான் கோவம். அதுக்கு அங்கிட்டு எங்க போகன்னே தெரியாது. திரும்பி வரவும் கூச்சமா இருக்கும். அந்த நேரம் கூட ஒரு ஆள் வேணும்.’

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

‘பெரியவ கல்யாணத்துல நான் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருந்தேன். வந்த பஸ்ஸெல்லாம் விட்டுட்டு உக்காந்திருந்தேன். யாராவது வருவியன்னு.’

யாரும் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே வருவான் என்று விட்டுவிட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘ஏன் அழுத? சாம்பாரு காரமோ?’ என்கிறான் அந்தப் படுபாவி.

ஆவணியில் எங்கள் சொந்தத்தில் இன்னொரு கல்யாணம் வருகிறது. இவன் எப்படியும் கோபித்துக்கொண்டு கிளம்பத்தான் போகிறான். எனக்கு ஒரு மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்து வைத்துவிட்டேன்.