கரண்ட் இழுக்குற வீடு

என் தங்கச்சி எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்குறா. அவளுக்கு வாய் அதிகம், எனக்கு அதைவிட அதிகம். அதனாலதான் ரெண்டு பேரும் ஒரே வீட்ல காலம் தள்ள முடியுது. அப்படிப்பட்டவ இப்போல்லாம் வகுப்புல ஒரு கிண்டல் பேச்சு பேசுறதில்லையாம். வாரம் தவறாம ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர்றா. அங்க ஒரு மனுஷன் மூச்சு விடுறதைக் கண்ணால பார்த்துட்டு வந்தாத்தான் அவளுக்குச் சோறு இறங்குது. "நீ என்ன கொலையா பண்ணிட்டே?"ன்னு ஒரு நாள் கத்திட்டேன். "பண்ணியிருப்பேன்க்கா"ன்னா.

கரண்ட் விஷயத்துல அவளுக்கு ஒரு வெறி. நான் தையல் மெஷினை விட்டு எழுந்து தண்ணி குடிக்கப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள ஃபேன் நின்னிருக்கும், லைட் அணைஞ்சிருக்கும், மெஷின் பிளக்கே கழண்டு கிடக்கும். "நான் இன்னும் சாகலடி, கொஞ்சம் காத்து விடு"ன்னு கத்துவேன். "நீ ஃபேன் போட்டா எங்கேயோ நிலக்கரி எரியுது. அந்தப் புகை எவனோ ஒருத்தன் நெஞ்சுல போய் உக்காருது"ம்பா. பள்ளிக்கூடத்துலயும் இதே பாட்டுதான். பிள்ளைங்க அவளுக்கு 'ஸ்விட்ச் டீச்சர்'னு பேர் வச்சிருந்தாங்க. அதுல அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இந்த வருஷம் மின்சாரம், சுற்றுச்சூழல்னு பாடம் வந்துச்சு. சும்மா சொன்னா மண்டையில ஏறாதுன்னு இவளா ஒரு ஏற்பாடு பண்ணினா. திங்கக்கிழமை தோறும் பிள்ளைங்க அவங்கவங்க வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதிட்டு வரணும். வகுப்புச் சுவத்துல பெரிய அட்டை. கம்மியா செலவழிச்ச வீட்டுக்குப் பச்சைப் பொட்டு, நடுத்தரம்னா மஞ்சள், அதிகம்னா சிவப்பு. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. ஓடுற டிவியைப் போய் அணைக்கிறதென்ன, பெத்தவங்களை அதட்டுறதென்ன! தலைமை ஆசிரியரே வந்து பாராட்டிட்டுப் போனாராம்.

ஒரு பொண்ணுக்கு மட்டும் வாரா வாரம் சிவப்பு. இந்த வருஷம்தான் வந்து சேர்ந்த பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது. "என்னம்மா, வீட்டுக்குள்ள ரயிலா ஓட்டுறீங்க?"ன்னு இவ கேட்டிருக்கா. வகுப்பே உருண்டு உருண்டு சிரிச்சிருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட வந்து அதைச் சொல்லிச் சிரிச்சா. நானும் வெக்கமில்லாம கூடச் சேர்ந்து சிரிச்சேன். ஏம்மா உங்க வீட்ல மட்டும் இவ்வளவு ஆகுதுன்னு, தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம். அதைத்தான் இப்போ சொல்லிச் சொல்லி மாயுறா.

கொஞ்ச நாள்ல அந்த வீட்டு மீட்டர் கணக்கு மளமளன்னு இறங்குச்சு. சிவப்பு மஞ்சளாச்சு. இவளுக்குத் தலைகால் புரியல. ஒரு சனிக்கிழமை மார்க்கெட் போயிட்டுத் திரும்புறப்போ, "இந்தச் சந்துலதான்க்கா அவங்க வீடு. பெத்தவங்ககிட்ட ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்"னா. "பை கையை அறுக்குதுடி"ன்னேன். கேட்டாத்தானே.

ஒரே அறை வீடு. நடுப்பகல்லயும் உள்ள இருட்டு. ஃபேன் ஓடல, லைட் எரியல. கட்டில்ல ஒருத்தர் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார், பொண்ணோட அப்பா. உதடு நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. மூச்சு இழுக்குறப்போ தோள் ரெண்டும் மேல ஏறி ஏறி இறங்குச்சு. கட்டில் பக்கத்துல முட்டி உயரத்துக்கு ஒரு மெஷின். காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் கொடுக்கிறது அது, எங்க பெரியப்பா கடைசிக் காலத்துல வீட்ல வச்சிருந்தோம். மூக்குல மாட்டுற குழாயைச் சுருட்டி அது மேல வச்சிருந்தாங்க. மெஷின் அணைஞ்சு கிடந்துச்சு.

"வாங்க டீச்சர்"னார். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்னு நின்னு மூச்சு வாங்கினார். "பாப்பா அழுதுக்கிட்டே வந்துச்சு. எங்க வீட்டுக்கு மட்டும்தான் சிவப்பாம். இந்தப் பாழாப்போன மெஷின்தானே எல்லாத்தையும் இழுக்குது? அவங்க அம்மா வேலைக்குப் போனதும் அணைச்சிடுவேன். அவ வர்ற நேரத்துக்குப் போட்டுக்குவேன். அவளுக்குத் தெரியாது. டாக்டரே குறைக்கச் சொல்லிட்டார்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்." சொல்லிட்டுச் சிரிச்சார். "அடுத்த வாரம் பச்சை வந்துடும்ல டீச்சர்?"

நான்தான் கேட்டேன், எப்படிங்க நெஞ்சு இப்படி ஆச்சுன்னு.

"கரண்ட் தயாரிக்கிற இடத்துலதான் வேலைங்க. நிலக்கரி இறக்குறது. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே."

என் தங்கச்சி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. அவ கையில இருந்த பையை அப்படியே கீழ போட்டா. தக்காளியெல்லாம் கட்டிலுக்கடியில உருண்டு ஓடுச்சு. மெஷினைச் சுத்திச் சுத்தித் தடவுறா, ஸ்விட்ச் சிக்கல. கடைசியில நான்தான் அவ கையைப் பிடிச்சு அதுல வச்சேன். மெஷின் ஒரு தடவை கத்திட்டு, உறுமிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுச்சு.

"வேணாம் டீச்சர், நீங்க இருக்குற வரைக்குமாவது..."ன்னு அவர் கையை ஆட்டினார்.

"பேசாதீங்கண்ணா. தயவு செஞ்சு பேசாதீங்க." குழாயை எடுத்து அவர் மூக்குல மாட்டி விட்டா. கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கக்கூட இல்ல. "நான் கேட்டிருக்கணும்ணா. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நானெல்லாம் ஒரு டீச்சர்!"

அந்த நேரம் பார்த்து அந்தப் பொண்ணு பால் பாக்கெட்டோட உள்ள வந்துச்சு. டீச்சரைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. பாக்கெட்டைக்கூடக் கீழ வைக்கல, ஓடிப் போய் மெஷினை அணைச்சிடுச்சு.

"இப்போதான் டீச்சர், அப்பா போட்டிருப்பாரு, சத்தியமா இப்போதான். நாங்க பகல்ல போடுறதே இல்ல."

என் தங்கச்சி அந்தப் பொண்ணு முன்னாடி மண்டி போட்டு உக்காந்தா. "போடும்மா. டீச்சர் சொல்றேன்ல, ராத்திரி பகலா ஓடட்டும். போடு."

அது அவ முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச்சு. தன்னைச் சோதிக்கிறாங்கன்னு நினைச்சுச்சோ என்னவோ, நிமிர்ந்து நின்னுச்சு.

"வேணாம் டீச்சர். அப்பாவுக்கு இப்போ இது இல்லாமலே பழகிடுச்சு."

அந்த மனுஷன் ஆமான்னு தலையை ஆட்டினார். பேசுறதுக்கு அவருக்கு மூச்சு இல்ல.