ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து

ராயபுரத்தில் எங்கள் இலவச வாசகசாலையை ஆறு பேர் நடத்தினோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. கடையில் கிடைக்காத, யாரும் உரிமை கொண்டாட வராத பழைய புத்தகங்களை இரவல் வாங்கி, நோட்டில் பிரதியெடுத்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுப்போம். நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

எழுபதுகளில் ஒருநாள், குப்பத்து அக்கா ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய பழைய புத்தகம் கொண்டுவந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத அவர் கணவருடையது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

"நாலு பேரு படிச்சா நல்லதுதான். பத்ரம் நைனா, அவரோடதுன்னு வூட்ல இது ஒண்ணுதான் கீது. ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சி வரேன்."

தையலைப் பிரித்துப் பக்கங்களை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிடுவது எங்கள் வழக்கம். பிரதியெடுத்ததும் திரும்பத் தைத்துவிடுவோம். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அச்சும் கிறுக்கலும் கலந்துவிடக் கூடாதென்று எல்லாப் பக்கங்களையும் வாங்கி ரப்பரால் துடைத்தேன். எங்கள் ஆறு பேரில், பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டராக இருந்த நண்பன் மட்டும் தன் பங்கைக் கொண்டுவரவில்லை. கடைசி நிமிஷத்தில் அப்படியே கொடுத்தான். பொறுப்பில்லாதவன் என்று திட்டினேன். தன் முதுகு யாருக்குத் தெரிகிறது.

ஞாயிறன்று அக்கா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார்.

"ஓரத்துல எழ்தி வச்சிருப்பாரே, அது எங்க, நைனா?"

"அழுக்கா இருந்துதுக்கா, சுத்தம் பண்ணிட்டேன்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் மேலும் புரட்டினார். ஃபிட்டரின் பக்கங்களில் கை நின்றது. "இத்தப் படி," என்றார்.

படித்தேன். "இன்னைக்கு கடலுக்குப் போகல. பாப்பாவுக்குக் காய்ச்சல். இவளும் கண்ணு மூடல."

"பெரியவளுக்கு அம்ம போட்டிருந்துச்சி, அப்போ," என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மத்ததுல இன்னா எழ்தியிருந்தாரு? அயிக்கசொல்ல படிச்சிருப்பியே, நீயாச்சும் சொல்லு."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அச்சில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் பிரதியெடுத்திருந்தேன். அழித்ததில் ஒரு வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை.