பந்தயக் குதிரையின் பூர்வீகம்

போன வாரம் நுவரெலியா ஏரிக்கரையில் ஒரு கிழட்டுக் குதிரை என்னை உரசிக்கொண்டு போனது. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சுற்றும் குதிரை. ஈரப் புல்லும் வியர்வையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. "ரேஸ் ஓடுனதுங்க, நல்ல சாதி" என்றார் கடிவாளம் பிடித்திருந்தவர். தாய், தகப்பன் எது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படிக் கேட்கும் வியாதி எனக்கு இதே ஊரில் ஒரு குதிரை லாயத்தில் ஒட்டியது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். நாலு வரி இங்கிலீசு எழுத வரும் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு குதிரையோடும் அதன் வம்சப் பத்திரம் வரும். பாட்டன், பூட்டன் என்று ஐந்து தலைமுறை. உலகத்தின் எந்த மூலையில் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரையும் தகப்பன் வழியில் மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். அந்த மூன்றும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. அந்த வம்சத்தை வெள்ளைக்காரத் துரைமார் இந்தக் குளிருக்கும் கொண்டுவந்தார்கள். அதற்காகவே மைதானம், அதற்காகவே ஏப்ரல் ரேஸ் சீசன்.

இதையெல்லாம் நான் வாசிக்க, குதிரை பார்க்கும் செல்லமுத்து அண்ணன் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்பார். ஒரு நாள் இலங்கைக் குடியுரிமை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பிறந்த இடம் என்ற கட்டம் வந்ததும், "எந்த ஊருண்ணே?" என்றேன்.

"தொறையூரு பக்கம், தம்பி."

எங்கள் தோட்டத்து ஆட்களிடம் ஊரைக் கேட்டால், பாட்டன் இந்தியாவில் விட்டுவிட்டுக் கப்பலேறிய ஊரைத்தான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்வேன். அண்ணன் பிறந்தது இங்கேயே, டயகமத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். துறையூரைக் கண்ணால் கண்டதில்லை. எனக்கு அது உறைக்கவேயில்லை. முத்து முத்தாகத் துறையூர் என்று எழுதினேன்.

பிறந்த நாடான இந்தியாவுக்கே போகச் சொல்லிப் பதில் வந்தது. திருத்தக் கேட்டு இரண்டு பேரும் கண்டி அலுவலகத்துக்குப் போனோம். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். குதிரைக்கு இருந்தது, அண்ணனுக்கு இல்லை.

கிளம்பும் நாளில் நானுஓயா ஸ்டேஷனில் அண்ணன் தன் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கப்பலுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டு வந்து என் தோளைத் தொட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்த மூணு குதிரையும் வெளியில இருந்து போனதுதானே தம்பி? அதுங்க பேரப்புள்ளைங்கள யாரும் திருப்பி அனுப்பலியே" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

லாயம் இருந்த இடத்தில் இப்போது வேன்கள் நிற்கின்றன. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன அந்தக் கப்பலும் இல்லை. அண்ணன் தேய்த்த கடைசிக் குதிரையின் ஐந்து தலைமுறையை இப்போது கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லிவிடுவேன். அண்ணனுடைய அப்பாவின் பெயரையும் அந்த விண்ணப்பத்தில் என் கையால்தான் எழுதினேன். அது நினைவில் இல்லை.